வன்னியிலிருந்து வளர்ப்பு நாயுடன் வெளிநாடு செல்வோருக்கு: கால்நடைச் சுகாதாரச் சான்றிதழ் பெறும் வழி

வெளிநாட்டுக்குக் குடும்பமாகப் புறப்படுகிறவர்கள், தாம் வளர்த்த நாய்க்கு என்ன பத்திரம் எடுக்க வேண்டும் என்று பெரும்பாலும் விமானச் சீட்டு எடுத்த பின்னரே விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. சுகாதாரச் சான்றிதழ் பயணத்துக்கு முந்திய சில நாட்களுக்குள் எழுதப்படும் ஒரு பத்திரம்தான். ஆனால், அதில் நிரப்ப வேண்டிய திகதிகளுள் முதலாவது, ஐரோப்பாவுக்குச் செல்வதாயின், குறைந்தது நான்கு மாதங்களுக்கு முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தத் திகதிகள் ஒழுங்குமுறையில் இல்லாவிட்டால் எந்தக் கால்நடை வைத்தியரும், எவ்வளவு நல்ல மனமுடையவராக இருந்தாலும், அந்தப் பத்திரத்தில் கையொப்பமிட முடியாது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். அக்கா குடும்பம் பிரான்ஸுக்குப் புறப்பட ஆயத்தமானபோது, அவர்களுடைய வீமன் என்ற நாயின் அலுவல்களை நான் பொறுப்பெடுத்தேன். பள்ளிக்கூட வளவில் நடந்த இலவசத் தடுப்பூசி முகாமுக்கு நாயை முதலில் கொண்டுபோய் ஊசி போடுவித்து, ஏழு கிழமைகள் கழித்து ஆறுதலாக மைக்ரோசிப் பொருத்துவித்தேன். பத்திரங்களைப் புரட்டிப் பார்த்த கால்நடை வைத்தியர், சிப்புக்கு முன்னர் போட்ட ஊசி கணக்கில் வராது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஊசியை மறுபடியும் போட்டு, நாட்களை மறுபடியும் எண்ண வேண்டியதாயிற்று. அக்காவும் அத்தானும் விமானம் ஏறினார்கள். வீமன் ஐந்து மாதங்கள் என் முற்றத்தில் படுத்திருந்தது. ஊசியிலும் குறையில்லை, சிப்பிலும் குறையில்லை. வரிசையை மாற்றியது நான்தான்.

ஒழுங்குமுறை ஏன் இவ்வளவு இறுக்கமானது

விசர்நாய்க்கடி என்று நாம் சொல்லும் நீர்வெறுப்பு நோய் இலங்கையில் இன்னும் முற்றாக ஒழிக்கப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இந்த நோய் தொடர்பாக உலக நாடுகளை வகைப்படுத்தி, சலுகை பெறும் நாடுகளின் பட்டியலை வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகையால் இங்கிருந்து செல்லும் நாயோ பூனையோ தடுப்பூசி போட்டிருந்தால் மட்டும் போதாது. அந்த ஊசி உடலில் வேலை செய்திருக்கிறது என்பதை இரத்தப் பரிசோதனையால் காட்டுவதோடு, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்கள் காத்திருக்கவும் வேண்டும். பரிசோதனையில் தேறிய நாயை எதற்காகக் காக்கவைக்கிறார்கள் என்று பலர் எரிச்சலடைவதுண்டு. நோய்க்கிருமி உடலுக்குள் புகுந்து பல கிழமைகளோ மாதங்களோ அறிகுறி காட்டாமல் இருக்கக்கூடியது. ஊசி போடுவதற்கு முன்னரே கடிபட்டிருந்த நாயும் பரிசோதனையில் நல்ல அளவைக் காட்டலாம். அந்த ஐயத்தைக் காலம்தான் தீர்க்கும். அதற்கே இந்தக் காத்திருப்பு.

முதலில் சிப், பிறகு ஊசி, பிறகு இரத்தம்

மைக்ரோசிப் என்பது அரிசிமணி அளவான ஒரு சில்லு. கழுத்துக்கும் தோள்களுக்கும் இடைப்பட்ட தோலின் கீழ் அதை ஊசியால் செலுத்துவார்கள். ஐஎஸ்ஓ 11784, 11785 ஆகிய தரங்களுக்கு அமைந்த, பதினைந்து இலக்கங்கள் கொண்ட சிப்பாக அது இருக்க வேண்டும். வன்னியின் எல்லா அரச கால்நடை வைத்திய அலுவலகங்களிலும் சிப் கையிருப்பில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு நாயை முச்சக்கர வண்டியில் ஏற்றிப் புறப்பட வேண்டாம். சிப் இருக்கிறதா, அதை வாசிக்கும் கருவியும் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செல்லுங்கள். உங்கள் பிரதேசத்தில் கிடைக்காவிட்டால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள தனியார் நாய், பூனை மருத்துவ நிலையங்களில் விசாரிக்கலாம். சிப்புடன் வரும் ஒட்டுத்தாள்கள் பொன்போலப் பேணப்பட வேண்டியவை. பதினைந்து இலக்கங்களைக் கையால் பெயர்த்தெழுதும்போது ஓர் இலக்கம் மாறினாலும், அந்தப் பத்திரம் வேறொரு நாயின் பத்திரமாகிவிடும். எழுதுவதைவிட ஒட்டுவது நல்லது. பொருத்திய உடனேயும், அதன் பின்னர் செல்லும் ஒவ்வொரு தடவையும், சிப்பை வாசித்துப் பார்க்கும்படி கேளுங்கள்.

சிப் பொருத்திய அன்றே, அதன் பின்னர், நீர்வெறுப்புத் தடுப்பூசியைப் போடலாம். குட்டிக்குக் குறைந்தது பன்னிரண்டு கிழமைகள் நிறைந்திருக்க வேண்டும். நாய்க்கு முன்னரே ஆண்டுதோறும் ஊசி போட்டிருக்கிறோமே என்பது இங்கே வாதமாகாது. சிப்புக்கு முந்திய ஊசிகளை எந்த நாய்க்குப் போட்டார்கள் என்று நிறுவ வழியில்லை.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் ஊடாக நடக்கும் இலவச முகாம்கள் ஊருக்குப் பேருதவி செய்பவை. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், மரநிழலில் ஒரே காலையில் எத்தனையோ நாய்களுக்கு ஊசி போடும் இடத்தில் தரப்படும் சிறிய அட்டையில், வெளிநாட்டு அதிகாரி தேடும் விபரங்கள் எல்லாம் இருப்பது அரிது. உங்களுக்குத் தேவையானது, கால்நடை வைத்தியர் சபையில் பதிவுபெற்ற வைத்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் நிரப்பிய தடுப்பூசிப் புத்தகம். அதில் சிப் இலக்கம், அது பொருத்தப்பட்ட திகதி, தடுப்பூசியின் பெயர், உற்பத்தியாளர், தொகுதி இலக்கம், போட்ட திகதி, செல்லுபடியாகும் கடைசித் திகதி ஆகியவற்றுடன் வைத்தியரின் கையொப்பமும் முத்திரையும் இருக்க வேண்டும். ஊசிக் குப்பியின் ஒட்டுத்தாளைப் புத்தகத்திலேயே ஒட்டித் தரச் சொல்வது நல்ல பழக்கம். அரச அலுவலகத்துக்குச் செல்வதாயின் காலையிலேயே செல்லுங்கள். பசுக்களுக்குச் சினையூசி போடவும் பட்டிகளைப் பார்க்கவும் வைத்தியர் வெளியே சென்றுவிட்டால், அன்று அவரைப் பிடிப்பது கடினம்.

பெயர்களைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இதில்தான். தடுப்பூசிப் புத்தகத்தில் தந்தையின் முதலெழுத்தோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் முழுப் பெயர், தேசிய அடையாள அட்டையில் வேறோர் எழுத்துக்கூட்டல் என்று மூன்று விதமாக இருந்தால், உரிமையாளர் ஒருவரா மூவரா என்ற கேள்வி எழும். முதல் நாளிலேயே கடவுச்சீட்டைக் கையில் கொண்டு சென்று, அதில் உள்ளவாறே எழுதுவியுங்கள். யாருடைய பெயரில் நாயைப் பதிகிறீர்களோ, அவர் நாயோடு பயணம் செய்பவராகவோ, பயணிப்பவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுப்பவராகவோ இருக்க வேண்டும். ஐரோப்பிய விதியின்படி உரிமையாளரின் பயணத்துக்கும் விலங்கின் பயணத்துக்கும் இடையே ஐந்து நாட்களுக்கு மேல் இடைவெளி இருந்தால், அது சொந்த வளர்ப்பு விலங்கின் பயணமாகக் கொள்ளப்படாது. நாயின் நிறத்தையும் ஒரே மாதிரி எழுதுவியுங்கள். நமக்கு அது செவலை. ஒரு வைத்தியர் அதைப் பழுப்பு என்றும் இன்னொருவர் சிவப்பு என்றும் எழுதினால் வீண் விளக்கம் கொடுக்க நேரும். கலப்பின ஊர்நாயைக் கலப்பினம் என்றே எழுதுவதில் எந்த இழுக்கும் இல்லை.

ஊசி போட்டு முப்பது நாட்கள் நிறைந்த பின்னரே இரத்தம் எடுக்கலாம். இருபத்தொன்பதாம் நாள் எடுத்த மாதிரி செல்லாது. பரிசோதனையை ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுகூடம் ஒன்றே செய்ய வேண்டும். அவற்றின் பட்டியல் ஐரோப்பிய ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் உண்டு. பெறுபேறாக வரும் நோய் எதிர்ப்புப் பொருளின் அளவு ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எடுத்த இரத்தத்தை அப்படியே அனுப்புவதில்லை. உறையவிட்டு, சுழலியில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைப் பிரித்தெடுத்துக் குளிர்நிலையில் அனுப்ப வேண்டும். வன்னியிலிருந்து செய்கிறவர்களுக்கு முழு அலுவலிலும் கடினமான கட்டம் இதுதான். வெயிலில் கிடந்து சிதைந்த மாதிரி ஆய்வுகூடத்தால் நிராகரிக்கப்படலாம். என்னைக் கேட்டால், இரத்தம் எடுப்பதற்காக மட்டும் நாயைக் கொழும்பிலோ பேராதனையிலோ, சீரம் பிரித்து அனுப்பும் பழக்கமுள்ள ஓரிடத்துக்குக் கொண்டுசெல்வது வாகனக் கூலியையும் மேவிய இலாபம் என்பேன். அது முடியாவிட்டால், சீரத்தை உள்ளூரில் பிரிப்பித்து, ஐஸ் வைத்த ரெஜிபோம் பெட்டியில் இரவுப் பேருந்தில் நம்பகமான ஒருவர் கையோடு கொண்டுசெல்லலாம். எந்த வழியானாலும் திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை எடுப்பியுங்கள். வெள்ளிக்கிழமை எடுத்த மாதிரி சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கேயாவது தேங்கிக் கிடக்கும். மாதிரிக் குழாயிலும் ஆய்வுகூடப் படிவத்திலும் சிப் இலக்கம் இருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதக் காத்திருப்பு இரத்தம் எடுத்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. பெறுபேறு வந்த நாளிலிருந்து அல்ல. ஆகையால் பெறுபேறு தாமதித்தாலும் நாட்கள் வீணாவதில்லை.

நாட்களைப் பின்னோக்கி எண்ணுதல்

ஆகஸ்ட் 20ஆம் திகதி பாரிஸில் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதங்கள் சான்றிதழ் எழுதும் நாளிலேயே நிறைந்திருக்க வேண்டும். சான்றிதழ் நான்கு நாட்கள் முன்னதாக, ஆகஸ்ட் 16ஆம் திகதி எழுதப்படுமாயின், இரத்தம் மே 15ஆம் திகதிக்குள் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதிலிருந்து முப்பது நாட்களைத் தள்ளினால், ஊசி ஏப்ரல் 15ஆம் திகதிக்குள் போடப்பட்டிருக்க வேண்டும்; சிப் அன்றோ அதற்கு முன்னரோ. அந்த நாட்கள் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு ஒட்டினாற்போல் வருவதால், அலுவலகத்தில் ஆளில்லாமல் திரும்ப நேரும். எனவே உண்மையான கடைசித் திகதி மார்ச் மாத இறுதி என்று கொள்வதே புத்தி. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் காலத்தில் முல்லைத்தீவுப் பக்கம் வாகனம் பிடிப்பதும் எளிதல்ல. குட்டி நாயாயின் கணக்கு இன்னும் நீளும்: பன்னிரண்டு கிழமைகள், முப்பது நாட்கள், மூன்று மாதங்கள் என்று கூட்டினால், ஏறத்தாழ ஏழு மாதங்கள் நிரம்பாத குட்டி இங்கிருந்து ஐரோப்பாவுக்குச் செல்ல இயலாது.

சான்றிதழ்

இவையெல்லாம் முடிந்த பின்னர்தான் சான்றிதழின் முறை வருகிறது. இரண்டு பத்திரங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது, உங்கள் வைத்தியர் நாயைப் பரிசோதித்து, தொற்றுநோய் அறிகுறிகள் இல்லை, பயணம் செய்யத் தகுந்த நிலையில் உள்ளது என்று எழுதித் தருவது. விமான நிறுவனம் கேட்பது பெரும்பாலும் இதுவே. இரண்டாவது, செல்லும் நாடு வகுத்த மாதிரிப் படிவத்தில் அரசின் அதிகாரம் பெற்ற கால்நடை வைத்தியர் கையொப்பமிட்டு முத்திரையிடும் சர்வதேசச் சான்றிதழ். தனியார் வைத்தியரின் கையொப்பம் மட்டும் இதற்குப் போதாது. இலங்கையில் இது கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பு. அதன் தலைமையகம் பேராதனை கெட்டம்பேயில் உள்ளது. விமானத்தில் செல்லும் விலங்குகளைப் பார்ப்பது கட்டுநாயக்காவில் உள்ள அதன் விலங்குத் தனிமைப்படுத்தல் பிரிவு. மாகாணத் திணைக்களத்தின் கீழ் இயங்கும் உங்கள் பிரதேச அலுவலகத்தோடு இதைச் சேர்த்து எண்ணி, கிளிநொச்சியிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கான சான்றிதழ், வழங்கிய நாளிலிருந்து நுழைவிடத்தில் பத்திரங்கள் சரிபார்க்கப்படும் நாள்வரை பத்து நாட்களுக்கே செல்லும். ஆகவே, முன்கூட்டியே எடுத்துவைக்கும் ஆர்வம் இந்த ஒரு விடயத்தில் கெடுதல். பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கட்டுநாயக்காப் பிரிவைத் தொடர்புகொண்டு, எந்த நாளில் நாயைக் கொண்டுவர வேண்டும், எந்தப் பத்திரங்களின் மூலப்பிரதிகள் வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, பயணத்துக்கு மூன்று நான்கு நாட்கள் முன்னதாக ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். படிவங்கள் காலத்துக்குக் காலம் மாறுவன என்பதால், முகநூலில் யாரோ பகிர்ந்த பழைய படிவத்தை நம்பாமல், செல்லும் நாட்டின் கால்நடை அதிகார சபையின் தளத்திலிருந்து புதியதை எடுங்கள். அது ஆங்கிலத்திலும் நுழையும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும்; பாரிஸில் இறங்குகிறவருக்கு ஆங்கிலம் பிரெஞ்சு இரண்டும் சேர்ந்த படிவம். நிரப்பும்போது பிழைத்தால் வெள்ளை மை பூச வேண்டாம். புதிய தாளில் எழுதுவிப்பதே பாதுகாப்பு.

பரிசோதனை நாளுக்கு முன்னர் நாயைக் குளிப்பாட்டி, உண்ணியும் தெள்ளும் நீக்குங்கள். வயல்வெளியும் பற்றைக்காடும் சுற்றிய நம் நாய்களின் காதுமடலில் உண்ணி ஒளிந்திருப்பது வழமை. உண்ணிக் காய்ச்சல் இருந்தால் நாய் சோர்ந்து காட்டும். அந்த நிலையில் எந்த வைத்தியரும் பயணத்துக்குத் தகுதி என்று எழுதமாட்டார். இரண்டு மூன்று கிழமைகளுக்கு முன்னரே ஒரு தடவை காட்டி மருந்தெடுப்பது இதனால்தான்.

நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாடுகள்

மேலே சொன்னது பிரான்ஸ், ஜேர்மனி போன்ற ஒன்றிய நாடுகளுக்குரிய அடிப்படை. சுவிற்சர்லாந்தும் நோர்வேயும் ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய அதே விதிகளையே பின்பற்றுகின்றன. ஆயினும், சுவிஸ் விமான நிலையத்தில் நேரடியாக இறங்குவதாயின் அந்நாட்டுக் கூட்டாட்சிக் கால்நடை அலுவலகத்தின் முன் அனுமதியும் தேவை. காதோ வாலோ வெட்டப்பட்ட நாய்களை அங்கே கொண்டுசெல்வதற்குத் தடையும் சில விலக்குகளும் உண்டு. நோர்வே, பின்லாந்து, அயர்லாந்து, மோல்ட்டா, பிரித்தானியா ஆகியவற்றுக்குச் செல்லும் நாய்க்கு, நுழைவதற்கு முந்திய 24 மணி நேரத்துக்கும் 120 மணி நேரத்துக்கும் இடையில் வைத்தியரே நாடாப்புழு மருந்து கொடுத்து, திகதியையும் நேரத்தையும் சான்றிதழில் பதிய வேண்டும். இருபத்துமூன்று மணி நேரம் என்றால் பிழை. ஆறு நாட்கள் என்றாலும் பிழை. இடையில் டோகாவிலோ துபாயிலோ காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து எண்ணுங்கள். பூனைக்கு இந்த மருந்து தேவையில்லை.

லண்டன் செல்கிறவர்கள் பிரித்தானியாவின் தனிப் படிவத்தைப் பயன்படுத்த வேண்டும். விமானத்தில் அங்கே வரும் நாய் பயணப் பொதியாக அல்லாமல், அங்கீகரிக்கப்பட்ட வழியில் சரக்காகவே இறங்கும். பத்திரத்தில் குறையிருந்தால் நான்கு மாதங்கள்வரை தனிமைப்படுத்தலில் வைக்கப்படலாம், செலவு உரிமையாளருடையது. பிட்புல், எக்ஸ்எல் புல்லி போன்ற இனங்களுக்கு அங்கே தடையுண்டு.

கனடாவுக்கு இரத்தப் பரிசோதனை இல்லை. உரிமையாளரோடு வரும் வளர்ப்பு நாய்க்கு, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதப்பட்ட செல்லுபடியான நீர்வெறுப்புத் தடுப்பூசிச் சான்றிதழே முதன்மையானது. ஆனால், 2022 செப்டெம்பர் 28 முதல், நோய் அபாயம் கூடிய நாடுகளிலிருந்து விற்பனை, தத்து போன்ற தேவைகளுக்காக நாய்கள் கொண்டுவரப்படுவதைக் கனடா தடுத்திருக்கிறது. இலங்கையும் அந்த நாடுகளுள் ஒன்று. எனவே ரொறன்ரோவில் உள்ள உறவினருக்குப் பின்னர் அனுப்பிவைக்கலாம் என்று எண்ணாமல், குடும்பத்தோடு கூட்டிச்செல்லுங்கள். அவுஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து நேராகக் கொண்டுசெல்ல முடியாது. அந்நாடு ஏற்றுக்கொண்ட மூன்றாவது நாடொன்றில் தங்கவைத்து, பின்னர் மெல்பேர்ண் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கே அனுப்ப வேண்டும். அவ்வளவு செலவும் அலைச்சலும் வயதான நாய்க்குத் தகுமா என்று ஒரு தடவை யோசிப்பது அன்புக்குக் குறைவாகாது.

விடுமுறைக்கு ஊருக்கு வரும் புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஐரோப்பாவிலிருந்து நாயைக் கூட்டிவருவதாயின், இங்குள்ள திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியை முன்னரே எடுப்பதோடு, திரும்பிப் போவதற்கான இரத்தப் பரிசோதனையையும் புறப்படுமுன் அங்கேயே செய்து, அந்நாட்டு விலங்குக் கடவுச்சீட்டில் பதிவித்துவிடுங்கள். அப்படிச் செய்தவர்களுக்கு மூன்று மாதக் காத்திருப்பு இல்லை. செய்யாமல் வந்தவர்களின் நாய், அவர்கள் போன பின்னரும் மாமியார் வீட்டில் நிற்கும்.

மான்குட்டி, நட்சத்திர ஆமை போன்றவற்றை வீட்டில் வைத்திருப்பவர்கள் இந்தக் குறிப்பில் எதையும் தேட வேண்டாம். அவை வளர்ப்பு விலங்குகள் அல்ல; வனசீவராசிகள் சட்டத்துக்கு உட்பட்டவை.

புறப்படும் நாள்

விமானக் கூடு, நாய் தலை முட்டாமல் நிற்கவும், திரும்பவும், கால்நீட்டிப் படுக்கவும் இடமுள்ளதாக இருக்க வேண்டும். அளவை விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூட்டைக் கடைசி நாளில் வாங்காமல், ஒரு மாதத்துக்கு முன்னரே விறாந்தையில் வைத்து, அதற்குள் சோறு வைத்துப் பழக்குங்கள். கட்டின்றித் திரிந்த வன்னி நாய்க்கு அடைபட்டிருப்பதே முதற்கலக்கம். மயக்க மருந்து கொடுப்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை; பறக்கும்போது அது மூச்சுக்கும் ஆபத்து. பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு இனங்களை ஏற்றுவார்களா என்று சீட்டு எடுக்கும் முன்னரே கேளுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு முந்நூறு கிலோமீற்றர் அளவில் ஓட வேண்டும். பகல் வெயிலைத் தவிர்த்து மாலையில் புறப்பட்டு, வழியில் இரண்டு தடவையாவது நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள்; வயிறு நிறையச் சோறு வேண்டாம். மூலப்பத்திரங்களைக் கூட்டில் ஒட்டாமல் கைப்பையில் வைத்து, கூட்டில் பிரதிகளை மட்டும் ஒட்டுங்கள். இன்னொரு பிரதித் தொகுதி ஊரில் ஒருவரிடம் இருக்கட்டும்.

விசா தாமதித்துப் பயணம் தள்ளிப்போனால் எல்லாம் போயிற்று என்று கலங்க வேண்டியதில்லை. ஐரோப்பிய விதியின்படி, அடுத்த தடுப்பூசியை முந்தியதன் காலம் முடிவதற்கு ஒரு நாள்கூடப் பிந்தாமல் போட்டுவந்தால், ஒரு தடவை தேறிய இரத்தப் பரிசோதனை தொடர்ந்து செல்லும். பத்து நாள் சான்றிதழை மட்டும் புதிதாக எடுத்தால் போதும். வீமனின் ஊசித் திகதியை நான் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தேன். அத்தான் திரும்பி வந்து அதைக் கூட்டிச்சென்றபோது, கட்டுநாயக்காவில் அதிகாரி பத்திரங்களை வாங்கி, கருவியைக் கழுத்தில் வைத்து, பதினைந்து இலக்கங்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வேறு கேள்வியே கேட்காமல் முத்திரையை எடுத்தார்.